எல்லைச்சுவர்க் குழாய்

"உங்க கொல்லையில மட்டும் எப்படிக்கா இவ்வளவு தண்ணி?" என்று தங்கை ஒருமுறை கேட்டது அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே பின்சுவர். அக்கா வீடு ஒரு நகரில், தங்கை வீடு அடுத்த நகரில்; அந்தச் சுவர்தான் எல்லை. தங்கையின் நகரில் மழைநீரைத் தெருவில் விட்டால் அபராதம். வீட்டிலேயே குழி வெட்டி இறக்க வேண்டும். அக்காவின் நகரில் கேட்பாரில்லை. தங்கையின் காய்ந்த வாசலைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரியும்.

இன்று மழையில் அக்கா தன் கொல்லையில் கணுக்கால் அளவு நீரில் நடந்து போய்ப் பார்த்தாள். தங்கை வீட்டுக் குழாய் சுவரைத் துளைத்து இவள் கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தது. உடனே போன் போட்டுத் தங்கையை வரவழைத்தாள்.

"என்னடி இது?"

"எங்க தெருவுல விடக்கூடாதுன்னுதானேக்கா விதி? இது உங்க ஊராச்சே."

"நல்ல ஊரும் உனக்கு, நல்ல விதியும் உனக்கு. தண்ணி மட்டும் எனக்கா?"

தங்கை குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.