காட்டு நெல் பாத்தி

அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போயிருந்தவள் திரும்பி வந்தபோது, ஆய்வு நிலையத்தின் பின்புறம் மொட்டையாகக் கிடந்தது. காட்டு நெல் பாத்திகள் இருந்த இடத்தில் ஒரு புல்கூட இல்லை. மண்ணைச் சமப்படுத்தி ஓரமாக ஜல்லி கொட்டியிருந்தார்கள்.

கோபக்காரி என்பதால் நிலையத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் இயக்குநர் அறைக்குள் போனாள்.

"பின்னாடி என்ன சார் நடந்துச்சு?"

"பெரிய இடத்து ஆளுங்க பார்க்க வர்றாங்கம்மா. கார் நிறுத்த இடம் வேணும். களைதானேன்னு வெட்டச் சொன்னேன்."

"களைன்னு யார் சொன்னது?"

"பார்த்தாலே தெரியுதே. கதிர்ல மணி நிக்குதா? பழுத்ததும் கொட்டிப்போவுது. அதை வச்சு யாருக்குச் சோறு போடப் போற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் ஆராய்வது மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்களை. மற்ற மரபணுக்கள் புரதம் செய்ய உத்தரவு அனுப்பும். இவை அந்த உத்தரவை நடுவழியில் மறித்து வாயை அடைக்கும். நெற்கதிர் அதிகக் கிளை விடாமல் அடக்கி வைக்கும் ஒன்றை அவள் பல வருடமாகப் பின்தொடர்ந்தாள். உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நிறைகதிரையே விதைக்கு எடுத்ததில், வயல் நெல்லில் அதன் ஒரே வடிவம்தான் மிஞ்சியிருந்தது. காட்டு நெல்லில் பழைய வடிவங்கள் பிழைத்திருந்தன. போன வருடம் ஒரு பாத்தியில் அந்த மரபணு இரட்டித்துப் புதிய பிரதி ஒன்று பிறந்திருப்பதைக் கண்டாள். அவள் சோதித்த எந்தப் பயிரிலும் அது இல்லை. இப்படிப் பிறப்பவை பெரும்பாலும் நிலைப்பதில்லை. இது நிலைக்குமா என்று பார்க்கத்தான் காத்திருந்தாள்.

"விதை எடுத்து வச்சிருப்பியே" என்றார் இயக்குநர்.

"குளிர் அறையில ஒரு தட்டு கேட்டேன். காட்டுப் புல்லுக்குத் தட்டு எதுக்குன்னு நீங்கதான் மறுத்தீங்க. வெளியில வச்சது பூஞ்சை பிடிச்சுப்போச்சு."

அவர் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. விடும்மா."

வெளியே வந்தவள், சரக்கு வேன் ஓட்டும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கிட்டு உடனே வா."

"என்னக்கா, யாரையாவது புதைக்கணுமா?"

"தோண்டணும். பேசாம வா."

கதிரில் மணி நிற்காத நெல் அது. வெட்டுவதற்கு முன்பே பாதி உதிர்ந்து மண்ணில் கலந்திருக்கும். அக்காவும் தம்பியும் மேல்மண்ணைச் சுரண்டி அள்ளினார்கள். கட்டட மேஸ்திரி ஓடி வந்தார்.

"மேடம், கலவை வண்டி வந்துட்டிருக்கு. போட்ட மட்டத்தைக் கெடுக்கிறீங்களே."

"அப்ப என் மேலேயே கொட்டுங்க."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் புதிய பிரதி இருந்த பாத்தியில் பாதி மண்ணை ஏற்கெனவே லாரி அள்ளிப்போயிருந்தது. எங்கே கொட்டினார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை அள்ளினாள்.

தொட்டிகளில் பரப்பிய மண் நெடுநாள் சும்மா கிடந்தது. பிறகு நாற்றுகள் தலைகாட்டின. ஒவ்வொன்றாகச் சோதித்ததில், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டும் அந்தப் பிரதி இருந்தது.

பெரிய இடத்து ஆட்கள் வந்த அன்று இயக்குநர் கூடத்தில் நாற்றுகளைக் காட்டினார். "அழிய இருந்த அரிய காட்டு நெல்லை எங்கள் நிலையம் மீட்டிருக்கிறது."

அவள் எழுந்தாள். "மீட்டது சார்கிட்டேருந்துதான். நீங்க கார் நிறுத்தியிருக்கீங்களே, அதுதான் இதோட பாத்தி. களைன்னு வெட்டச் சொன்னது அவர்."

வந்தவர்களில் ஒருவர் எழுந்து, சன்னல் வழியே தன் கார் நின்ற இடத்தை எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "மன்னிப்புக் கேட்டுடு. இதோட விட்டுடறேன்."

"கேட்க மாட்டேன் சார். பொய் சொன்னது நான் இல்ல."

அவளுடைய பதவி உயர்வு அத்தோடு நின்றது. நாற்றுகளைத் தொட மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வந்தவர்கள் படம் பிடித்துப் போயிருந்தார்கள். அவை கதிர் விட்டன. மணி உதிருமுன் கதிர்களுக்கு உறை கட்டினாள். அடுத்த தலைமுறையிலும் அந்தப் பிரதி இருந்தது. அதைச் சொன்னபோது தம்பி, "இப்பவாவது கோபம் தணிஞ்சுதா?" என்று கேட்டான்.

"பாதி மண்ணைக் காணோம்டா" என்றாள்.

நிலையத்தில் எல்லோரும் புது இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். அவள் மட்டும் வெயிலில், தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறாள்.