வெள்ளை பூசிய ஆறு வரிகள்

ஜெகதீசனுக்கு நான் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். என் மகள் அமலா விழுப்புரத்தில் எம்.ஏ. தமிழ் படிக்க வாங்கிய பணம். இடுப்பு போய் மூட்டை தூக்க முடியாமல் ஆன பிறகு வட்டிகூடக் கட்டவில்லை.

அவர் அப்பாவுக்கு நூற்றாண்டு விழா மலர் போடுவதாகச் சொல்லித் திண்டிவனத்து வீட்டுக்குக் கூப்பிட்டார்.

“உன் பொண்ணை நாலு பக்கம் எழுதச் சொல்லுப்பா. உங்க தெருவுல இருந்து ஒருத்தர் புகழ்ந்தாதான் எடுப்பா இருக்கும். கடனை விட்டுடறேன்.”

அமலாவிடம் சொன்னேன். சிரித்தாள். “கோட்பாட்டு வகுப்புல இதைத்தாம்பா படிச்சிக்கினு இருக்கோம். ஒரு எழுத்தைப் பார்த்தா, யாரு எழுதவச்சாங்க, யாரைப் பேசவிடலைன்னு கேக்கணும்.”

“நீ கேட்டுக்கினே இரு. வட்டி ஏறிக்கினே இருக்கும்.”

எழுதிக் கொடுத்தாள். கொண்டுபோகும் வழியில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றவன்; ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். மூன்றாம் பக்கத்தில் என் அண்ணன் பெயர் இருந்தது. ஆரோக்கியராஜ். ஜெகதீசன் வீட்டார் தங்கள் கிணற்றுக்கு வெடிவைத்தபோது செத்தான், ஒரு மூட்டை நெல் கொடுத்தார்கள், வழக்கு இல்லை என்று ஆறு வரி.

அவன் பெயரை எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. கல்லறையில் வெறும் மரச்சிலுவைதான். இரண்டு முறை படித்தேன். பிறகு எதிர்க்கடையில் ஒயிட்னர் வாங்கி, ஆறு வரி மீதும் பூசினேன். காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மலர் வந்த அன்று அமலா பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கத்தினாள். “பாத்தியாப்பா, பெரியப்பாவைத் தூக்கிட்டான்! வர்ற கருத்தரங்குல இதையேதான் படிக்கப் போறேன். அழிச்ச கை யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

அன்றே எழுத உட்கார்ந்தாள். மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யை மேடையில் படித்து அவள் அசிங்கப்படக் கூடாது.

“ஜெகதீசன் அதைப் பாக்கவே இல்லம்மா. நான்தான் அழிச்சேன்.”

“பெரியப்பா பேரையா?”

“ஆமா.”

எழுதிய தாள்களை முதலிலிருந்து புரட்டினாள். பிறகு கட்டுரையில் ஜெகதீசன் பெயர் வந்த இடங்களை ஒவ்வொன்றாக அடித்து, மேலே ‘என் அப்பா’ என்று எழுதினாள். எனக்கு அது படிக்கத் தெரிந்தது.

தலை நிமிராமல் கேட்டாள். “கடன்?”

“சீட்டைக் கிழிச்சிட்டாரு. ஒரு ரூபா பாக்கி இல்ல.”