ஆரின் நிரப்பிய கடைசிப் பெட்டி

அப்பாவின் அடக்கத்துக்குப் போட்டுப்போன கோட்டைக்கூட கிளின்ட் கழற்றவில்லை. மேசைமேல் இருந்த பன்றித்தொடைத் தட்டை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, அப்பாவின் தோட்டாப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, எட்டுத் தோட்டா பிடிக்கும் இரும்புக் கவ்வியில் செருகிக்கொண்டிருந்தான். காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா வெர்னா சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"என்னடா பண்றே?"

"அப்பாவுக்கு மரியாதையாச் சுடப் போறோம்மா. அப்பா துப்பாக்கில, அப்பா நிரப்பின தோட்டா. துப்பாக்கி கிளப் ஆளுங்க கொட்டகைக்குப் பின்னாடி காத்துக்கிட்டிருக்காங்க."

கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லாயிட் நின்றிருந்தான். வெர்னாவின் கணவன் ஆரினோடு நாற்பது வருஷம் சுட்டவன். "ஒருத்தன் நிரப்பின தோட்டாவ இன்னொருத்தன் தொடமாட்டான், வெர்னா. மொன்டானா பூரா அப்படித்தான். ஆனா ஆரினோடதுன்னா கண்ண மூடிக்கிட்டுச் சுடுவேன்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

வெர்னா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

அந்தத் துப்பாக்கி லேசுப்பட்டதல்ல. சுட்ட சூட்டோடு வெற்றுக் கூட்டைத் தானே பிடுங்கி, பத்தடி தள்ளி வீசும். மறுபடி வெடிமருந்து நிரப்பப் புல்லில் பொறுக்குகிற பித்தளைக் கூடுகளில் பாதி வாய் நசுங்கித்தான் கிடக்கும். நசுங்கியதை நிமிர்த்திவிடலாம். அடிப்பக்கம் இழுபட்டு மெலிந்து போனதை ஒன்றும் செய்ய முடியாது. வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால், மெலிந்த இடத்தில் விரல்நுனிக்கு ஒரு பள்ளம் தட்டும். தட்டினால் ஆரின் அதைக் குறடால் நசுக்கித்தான் குப்பையில் போடுவான், வேறு எவனும் தெரியாமல் எடுத்து நிரப்பிவிடக் கூடாது என்று. அவன் பேர் அதில்தான் நின்றது.

புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து அவன் விரல்நுனிகளை மரத்துப்போக வைத்துவிட்டது. சட்டைப் பொத்தானே பிடிபடாதவனுக்குப் பள்ளம் எங்கே தட்டும்? போன பிப்ரவரியில் அப்படித் தவறவிட்ட ஒரு கூடு துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகக் கிழிந்து, சூடான புகை அவன் கன்னத்தில் அடித்தது. சவரம் செய்யும்போது கீறிக்கொண்டதாக லாயிட்டிடம் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், பாவம். அதன் பிறகு அவன் தூங்கும்போதெல்லாம் வெர்னாதான் கம்பியை விட்டுப் பார்த்து, கெட்டதைப் பொறுக்கி ஒளித்தாள். இந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் அவள் பார்க்கவில்லை. போர்வைக்குள் மடியிலேயே வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

"வேண்டாம்டா கிளின்ட். கடைத் தோட்டா இருக்கே, அதச் சுடு."

"கடைத் தோட்டாவா? இன்னிக்கா?" அவன் முகம் சிவந்தது. "அவர் அந்தத் தோட்டா மேசையில உட்கார்ந்தாலே உனக்குப் பிடிக்காது. இன்னிக்காவது விட்டுத் தொலையேன்மா!"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உங்கப்பாவுக்குக் கை மரத்துப் போயிடுச்சுடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகன் முகம் தப்பிக்கும். ஆனால் லாயிட் நிற்கிறான். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும். மண்ணைப் போட்டு மூடிய ஈரம்கூட இன்னும் காயவில்லை.

கிளின்ட் எட்டாவது தோட்டாவைச் செருகிவிட்டு எழுந்தான்.

"அது அவர் நிரப்பினது இல்ல," என்றாள் வெர்னா. "நான் நிரப்பினது."

"நீயா?"

"படுக்கையில கெடந்துக்கிட்டு நச்சரிச்சார். சரி, மனுஷன் ஆசைதானேன்னு நானே உட்கார்ந்து ஏதோ பண்ணினேன். எனக்கு என்ன எழவு தெரியும்?"

லாயிட் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டான். "அடிப்பாவி! இன்னிக்கே எங்களையும் ஆரின்கிட்ட அனுப்பப் பார்த்தியே!" தன் வண்டியில் கடைத் தோட்டா இருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

கிளின்ட் போகவில்லை. குண்டைக் கழற்றும் சுத்தியலைக் கொண்டுவந்து, தட்டித் தட்டி ஒரு தோட்டாவைப் பிரித்தான். வெடிமருந்தைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுக் கம்பியை உள்ளே விட்டான். பள்ளத்தில் சிக்கி நின்றது. அடுத்ததிலும் நின்றது.

"என்னம்மா இது? குருடனுக்குக்கூடத் தட்டுப்படும். இதப் போய் எப்படி விட்டே?"

"கவனிக்கல."

"மூஞ்சியே போயிருக்கும்! அப்பா பார்த்திருந்தா உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பார்."

"ஆமா."

வெளியே முதல் வெடிச் சத்தம் கேட்டது. கிளின்ட் கையிலிருந்த கூட்டைப் பார்த்தபடியே இருந்தான். கோபம் வடிந்திருந்தது. "அவர் கையில இதெல்லாம் தப்புமா? அவர் மாதிரி யாருக்கும்மா வரும்?"

"யாருக்கும் வராதுடா," என்றாள். கத்தியை எடுத்து இறைச்சியில் தடிமனாக ஒரு துண்டு நறுக்கி, ரொட்டிக்குள் வைத்தாள். "காலையிலிருந்து ஒண்ணும் தின்னல நீ. கையக் கழுவிட்டு வா. ஈயமும் மருந்துமா இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவு."

அவன் சின்னப்பிள்ளை மாதிரி எழுந்து போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.