பதில் வணக்கம்

அக்கா ஆடும்போது சாமி வலது மூலையில் நிற்பார். அரங்கின் இரண்டாவது தூணுக்கும் சுவரில் மாட்டிய தீயணைப்பு உருளைக்கும் நடுவில், ஓர் ஆள் உயரத்தில். அங்கே யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அக்கா அந்த இடத்தைப் பார்த்துப் பூத்தூவி, விளக்கேற்றி, கோபித்து, சமாதானமாகி, விழுந்து கும்பிடுவாள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர்களும் அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடுவார்கள். நாட்டியம் என்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் முழங்கால் வலி.

அந்த இடத்தில்தான் மாமா சோபாவைப் போட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் நாற்காலி போடும் அதிகாரம் அவருடையது; யார் கொடுத்தார்கள் என்று தெரியாது, யாரும் பிடுங்கவும் இல்லை. அன்று தலைமை விருந்தினர் மெத்தைக் கடை முதலாளி. மேடைக்குப் புதுத் திரை தைத்துக் கொடுத்தவர், கால் மடக்க முடியாதவர். ஆகவே காலை நீட்ட இடமும் காற்றும் உள்ள மூலையாகப் பார்த்து மாமா சோபாவை இழுத்துக்கொண்டு போனார்.

“மாமா, அது சாமி நிக்கிற இடம்.”

“நிக்கிறவரு கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்டா. அவருக்கென்ன முட்டி வலியா?”

அக்காவிடம் சொல்லலாமா என்று ஒப்பனை அறை வரை போனேன். கண்ணுக்கு மை தீட்டியபடி, உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டேன். “சிரிக்க மாட்டேன், சிரிக்க மாட்டேன்” என்றிருந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

காரணம் உண்டு. அக்காவுக்கு வேலை பல் மருத்துவமனையில், செயற்கைப் பல் செய்வது. பகலெல்லாம் மற்றவர்களுக்குச் சிரிப்பு தயாரித்துக் கொடுக்கிறவள், சொந்தச் சிரிப்பில் விழுந்தவள். போன முறை மேடையேறியபோது, பிரிவில் வாடும் ராதையாக அவள் அழவேண்டிய இடத்தில் பாடகருக்கு விக்கல் வந்தது. “வாராயோ” என்று உருக வேண்டியவர் “வாரா” வரை வந்து விக்கி, “யோ” என்று தனியாக முடித்தார். அக்கா சிரித்தாள். அடக்கினாள். அடக்கியதைவிடப் பெரிதாகச் சிரித்தாள். கடைசியில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடையே அவள் பெயர் சிரிப்பு ராதை. யாரும் மேடை கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கொடுத்தவர் அக்காவோடு ஒரே வகுப்பில் நடனம் படித்தவர். இப்போது நட்டுவாங்கம் செய்கிறார். அதாவது மேடை ஓரம் உட்கார்ந்து, கைத்தாளம் தட்டி, ஜதி சொல்லி, ஆட்டத்தை நடத்துகிறவர். நான் அவருக்கு ஜால்ரா அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் யாருக்கும் ஜால்ரா போடாதவர் என்பதால்.

“இங்க பாருடி,” என்றார் முதல் நாளே. “நடுவுல சிரிச்சேன்னா, தாளத்தைக் கீழ வச்சுட்டு எறங்கிப் போயிடுவேன். அப்புறம் நீ சலங்கையைப் பரண்ல போட வேண்டியதுதான். உனக்காக வேற யாரும் வந்து உக்கார மாட்டாங்க.”

“சிரிக்க மாட்டேன்.”

“போன தடவையும் இதைத்தானே சொன்ன.”

“போன தடவை யாருமே கேக்கல.”

அதிலிருந்து வீட்டில் எனக்கு ஒரு வேலை. அக்கா ஆடும்போது நான் எதிரில் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். அவளே கேட்டுக்கொண்டது. வடிதட்டைத் தலையில் கவிழ்த்தேன். அப்பா தும்மும் விதத்தைச் செய்து காட்டினேன். மாமா குனிந்து செருப்பு தேடுவதைச் செய்தேன். முதல் வாரம் தரையில் புரண்டு சிரித்தவள் கடைசி வாரம் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கலைஞனாக எனக்கு அது பெரிய அவமானம். தம்பியாகச் சந்தோஷம்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் உருப்படியிலேயே அக்கா வலது மூலையைப் பார்த்துக் கை கூப்பினாள். மெத்தைக் கடைக்காரரும் கை கூப்பினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் யார் கும்பிட்டாலும் பதிலுக்குக் கும்பிட்டுப் பழகிய மனிதர். மேடையிலிருந்து ஒரு பெண், இத்தனை நகையோடு, தன்னைப் பார்த்து வணங்கினால் அவர் என்னதான் செய்வார்?

அடுத்தது வர்ணம். கச்சேரியின் நெடிய உருப்படி, அக்காவை எடைபோடப் போவது அதுதான். “எத்தனை முறை பணிந்தேன், ஏனிந்த மௌனம்” என்று ஒரே வரி. பாடகர் அதைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் அக்கா ஒரு கதை காட்டி, முடிவில் சாமியைக் கும்பிட வேண்டும்.

பூப்பறித்து மாலை கட்டிக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். விளக்கேற்றிக் கும்பிட்டாள். இந்த முறை அவர் தலையையும் தாழ்த்தினார். பின்வரிசையில் என் கல்லூரி நண்பர்கள் குலுங்க ஆரம்பித்தார்கள். “மௌனம் எங்கடா, பதில்தான் உடனுக்குடன் வருதே,” என்று ஒருவன் முனகினான். மூன்றாவது முறை அக்கா தரையில் விழுந்து வணங்கினாள். அதற்கு உட்கார்ந்தபடி பதில் சொல்வது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சோபாவின் கையைப் பிடித்து, நீட்டிய காலை இழுத்து, மாமா தோள் கொடுக்க, எழுந்து நின்று கும்பிட்டார்.

அக்கா நிமிர்ந்தாள். அவள் இடது மூக்கு விடைத்தது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், சிரிப்பு முதலில் அங்கேதான் வரும், அடுத்தது உதடு. ஜால்ரா அக்காவுக்கும் அது தெரியும் போல. தட்டிக்கொண்டே தாளத்தை மடிப்பக்கம் இறக்கினார்.

உதட்டுக்கு வரவில்லை. பாடகர் வரியை மறுபடி எடுத்தார். அக்கா பூப்பறிக்கவில்லை. மேடையின் விளிம்பு வரை நடந்து வந்து, மெத்தைக் கடைக்காரரை நேராகப் பார்த்தாள். விரலால் அவரைக் காட்டினாள். கூப்பிய கையைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். நீயா என்னைக் கும்பிடுகிறாய்? புருவம் மேலே போய் நின்றது. கும்பிட்டால் சரியாகிவிடுமா? வாடிய மாலையைப் பிரித்துக் காட்டினாள், எண்ணெய் வற்றிய விளக்கைச் சாய்த்துக் காட்டினாள். பிறகு என் நண்பர்கள் இருந்த வரிசைப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிச் சிரிக்கிறவர்களைக் காட்டினாள்; இவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அப்போது எங்கே போனாய்? தோள் சிரித்தது, கை சிரித்தது. முகம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரிசை அடங்கிப்போனது. திரும்பவும் வலது பக்கம் வந்து, உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினாள். உட்கார்.

மெத்தைக் கடைக்காரர் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் அறையில் உட்காரும் பையனைப் போல, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.

இதெல்லாம் பயிற்சியில் இல்லாதது. ஜால்ரா அக்கா அவள் காலையே பார்த்துக்கொண்டு, அவள் போன இடமெல்லாம் தாளத்தைக் கொண்டுபோனார். “ஏனிந்த மௌனம்” என்று பாடகர் கீழ்க்குரலில் கேட்டார். நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் வலது மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பதில் வருமா என்று.

இடைவேளையில் ஒப்பனை அறைக்கு ஓடினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“சாமியையே உக்கார வச்சுட்ட,” என்றேன். “இப்ப சிரிச்சுக்கோ. நான் கதவைச் சாத்திக்கிறேன்.”

“வரலடா.”

ஜால்ரா அக்கா உள்ளே வந்தார். “ஏண்டி, சாமியை அதட்டுறதெல்லாம் எந்த வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க? நான் வராத நாளா?”

“மூக்கு வரைக்கும் வந்துடுச்சுடி.”

“பாத்தேன். தாளத்தைக் கீழ வைக்கத்தான் போனேன்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். “அடுத்த மாசம் ஒரு மேடை கேட்டிருக்காங்க. தேதி சொல்றேன், லீவு போட்டு வை.”

அக்கா பதில் சொல்வதற்குள் மாமா கதவருகே வந்து நின்றார். முகம் தொங்கியிருந்தது.

“அவருக்கு ஒரே கூச்சமா போச்சும்மா. கடைசி வரிசைக்குப் போறேங்கிறாரு. சோபாவைப் பின்னாடி தள்ளிடறேன். உன் சாமியே வந்து நிக்கட்டும்.”

“வேணாம் மாமா,” என்றாள் அக்கா.

“அவரு திரும்பக் கும்பிடுவாரும்மா. கையைக் கட்டியா வைக்க முடியும்?”

“கும்பிடட்டும். அந்த மூலையைப் பாத்து எத்தனை வருஷமா கும்பிடறேன். அங்கேருந்து ஒரு கை திரும்ப வந்தது இன்னைக்குத்தான்.” சலங்கை வாரை இழுத்துக் கட்டினாள். “அவரை அங்கேயே உக்காரச் சொல்லுங்க.”

எழுந்து, எங்களைத் தாண்டி மேடைக்கு நடந்தாள்.