கோழிக்கூண்டின் மேல் ஒரு டயர்

என் வீட்டுக்காரர் தர்மேந்திரன் ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடியது என்று காரின் மீட்டரில் காட்டுமே, அந்த எண். மிதியை வலிக்குமோ என்பதுபோல் அழுத்துவார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டுக் காரைத் தானாக உருளவிடுவார். வெயிலானாலும் ஏர்கோன் போடமாட்டார். எண் ஏறினால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். ரஹாங்கில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "மாப்ள காரத் தள்ளிக்கிட்டே வந்தாரா?" என்று அங்கேயே இருக்கும் என் அப்பா கேட்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி நீலாவதி போன் செய்தார்.

"ரோகினி, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. நாங்க எல்லாரும் பால் ஊத்திட்டோம். உனக்காகத்தான் உசுரு நிக்குது. சீக்கிரம் வா லா."

சுவா டவுனுக்கு உள்ளே தள்ளி, நாங்கள் குடியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து உடனே கிளம்பினோம். அன்றைக்கும் அவர் அதே நடையில்தான் ஓட்டினார்.

"கொஞ்சம் அழுத்துங்க."

"அழுத்துனாலும் முன்னால போற லோரி பின்னாடி நிக்கத்தான் போறோம். சீராப் போனா சரியாப் போய்ச் சேரலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்துச் செம்மண் சாலை முடிவதற்குள், வழியில் கிடந்த செம்பனை மட்டையின் மேல் கார் ஏறியது. முள் குத்தி முன்டயர் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது.

அவர் இறங்கிப்போய், பின்னால் சாமான் வைக்கும் பூட் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். தீபாவளிக்குக் கழுவிவிட்ட அடுப்படி மாதிரி உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஸ்பேர் டயர் எங்க?"

"வீட்ல, கோழிக்கூண்டு மேல. காரத் தூக்குற ஜேக்கும் அங்கதான் இருக்கு. பாரம் கொறைஞ்சா பெட்ரோல் கொறையும்னு இறக்கி வச்சேன்."

வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சாலையில் ஈ காக்கை இல்லை. பக்கத்து வீட்டு முருகையாவுக்கு அவர் போன் செய்தார். டயரையும் ஜேக்கையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவதாக முருகையா சொன்னார். நான் செம்பனை நிழலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்காதே, அடிக்காதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

முருகையாவின் மோட்டார் சத்தம் கேட்பதற்கு முன்பே போன் அடித்தது.

"முடிஞ்சிருச்சு ரோகினி," என்றார் அண்ணி. "வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

முருகையா வந்து, டயர் மாட்டி முடிக்கும் வரையிலும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தார்ச்சாலைக்கு வந்ததும், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத வேகத்தில் மிதித்தார். இன்ஜின் அலறியது. மீட்டரில் எண் கிடுகிடுவென்று இறங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"மெதுவாவே போங்க," என்றேன். "இனிமே என்ன அவசரம்? பெட்ரோலாச்சும் மிச்சமாகட்டும்."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். கார் தானாக உருண்டது. மீட்டரில் எண் மறுபடியும் ஏறத் தொடங்கியது.