அரையாள்

விளைமீன் சொதி கொதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலம் வந்துவிடும். வட்டுக்கோட்டைத் தோட்டக்காரர் வீட்டிலிருந்து வல்வெட்டித்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். கடல்காரரின் பேச்சு பாதி விளங்காது. ஆனால் எனக்கு வாய் மட்டும் நீளம்.

இப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் நிவேதனா அப்போது என் வயிற்றில். அதற்கு முந்தியது ஐந்தாம் மாதம் கலைந்துபோயிருந்தது. அந்தப் பயத்தில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கணவர் கஜீபனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வெளியில் தெரிந்தால் இதுவும் போய்விடும் என்று எனக்கு ஒரே நடுக்கம்.

ஒருநாள் காலை, கஜீபன் மீன்பிடிக்கப் போகும் வள்ளத்தில் மூத்தவரான ஆழ்வாப்பிள்ளை அண்ணை வாசல் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளை, இந்தாரும். அரையாளின்ரை பங்கு" என்று ஒரு விளைமீனை நீட்டினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மீனை வாங்காமலே உள்ளே போய்க் கஜீபனைப் பிடித்தேன்.

"ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியளோ? என்ரை பிள்ளை என்ன அரையோ, காலோ?"

"கோவியாதையும். பிறக்காத பிள்ளைக்கு எங்கடை வள்ளத்திலை அதுதான் பேர். கறிக்கு மீன் பிரிக்கேக்கை தொழிலுக்கு வந்தவன் முழு ஆள். வயித்திலை இருக்கிறது சாப்பிடும், வலை இழுக்காது. அதாலை அரையாள். நான் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கெல்லோ பங்கில்லாமல் போயிடும்."

"அப்ப போனமுறை ஏன் வரேல்லை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வந்தது. நான்தான் கொண்டுவந்து தந்தனான்."

"பிள்ளை போன பிறகு?"

"அப்பவும் வந்தது. இனி வேண்டாமெண்டு சொன்னனான். பிறக்கவேண்டிய மாதம் வரைக்கும் அது எங்கடை ஆள்தான் எண்டிட்டார் அண்ணை."

அந்த மாதங்களில் அதன் பங்கென்று தெரியாமலே எத்தனை மீனைச் சமைத்தேன்! உப்புக் கூடிப்போச்சென்று சட்டியோடு கொட்டியும் இருக்கிறேன். அழ என்னைத் தவிர ஆளில்லாத பிள்ளை என்று நான் நினைத்துக் கிடக்க, கரையில் நின்ற ஆண்பிள்ளைகள் அதற்கும் ஒரு மீன் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

படலைக்கு ஓடினேன். அண்ணை இன்னும் அங்கேதான் நின்றார். இரண்டு கையாலும் மீனை வாங்கினேன்.

"இதுக்கு மூத்தது ஒண்டு இருந்தது, அண்ணை" என்றேன். அதுவரை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது.

"ஓம் பிள்ளை, தெரியும்தானே" என்றார் அவர்.