பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை

எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்யாணம் நடக்கும். ஒவ்வொரு பதினைந்தாம் தேதியும் நடக்கும். மாப்பிள்ளை ஒரே ஆள்தான், ஞானசேகர்.

எங்கள் ஊரில் விசேஷங்களுக்கு நாள் வைப்பது பேரூராட்சி அலுவலகத்துக் கம்ப்யூட்டர். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்; அந்த நாள் வந்ததும் மேளமும் பந்தலும் ஐயரும் தாமாக வந்துவிடுவார்கள். தேதியை எழுதலாம், இல்லையென்றால் கிழமையை எழுதலாம். எல்லோரும் ஏதாவது ஒன்றைத்தான் எழுதுவார்கள். என் அப்பா ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறவர். பதினைந்தாம் தேதி என்றும் எழுதினார், வெள்ளிக்கிழமை என்றும் எழுதினார். மாதம் எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டார். இரண்டும் பொருந்தும் நாளைத்தான் அவர் கேட்டார். கம்ப்யூட்டரோ, எது பொருந்தினாலும் போதும் என்று எடுத்துக்கொண்டது.

“பதினஞ்சே வெள்ளிக்கிழமையா வந்துட்டா அன்னிக்கு ஒரே கல்யாணம்தாம்மா,” என்றார் அப்பா. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். எங்களுடையது வாராவாரம் அறுவடைக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். மேளக்காரர்கள் அங்கேயே வந்துவிட்டார்கள். டாக்டர் கெட்டிமேளம் முடியும்வரை காத்திருந்து, அட்சதை போட்டுவிட்டு, பல்லைப் பிடுங்கினார்.

பிறகு ஞானசேகருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் என்னையும் பந்தலையும் ஏற்றிக்கொண்டு வேன் அங்கே போகும். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து தாலி கட்டுவார். முதலில் சூப்பர்வைசரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகப் போக அவருக்கு ரசம் அலுத்துவிட்டது.

“இன்னொரு கல்யாணம் நடந்துச்சுன்னா நீ வேலையை விட்டு நின்னுக்கப்பா,” என்று சொல்லிவிட்டார்.

பல வருஷம் அலைந்து கிடைத்த வேலை. ஞானசேகரின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

பேரூராட்சிக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது ஆரோக்கியமேரி அக்கா.

“அந்த வரியை அழிச்சிடுங்கக்கா.”

“அழிச்சா உனக்குக் கல்யாணமே இல்லன்னு ஆயிடும். நடந்ததை எல்லாம் இது ஞாபகம் வெச்சுக்காது. நடக்கப்போறது மட்டும்தான் இதுக்குத் தெரியும்.”

“அப்ப வராத தேதியாப் பாத்து மாத்திப் போடுங்க.”

அக்கா பிப்ரவரி முப்பத்தொன்று என்று போட்டார். “கிழமை வேணாம். போட்டா பிப்ரவரி வெள்ளியெல்லாம் வந்து நிக்கும்,” என்றார். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. வெளியே வரும்போது நான் வெறுமனே நிச்சயம் ஆன பெண்.

அந்த வெள்ளிக்கிழமை மேளம் வரவில்லை. ஞானசேகர் நாள் முழுக்க வேலை செய்தார். நான் பழக்கத்தில் விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பிறகு இருவரும் ஓசூரில் வீடு பார்த்தோம். வீட்டுக்கார அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லீங்க. பிப்ரவரி முப்பத்தொண்ணு,” என்றார் ஞானசேகர்.

“அப்ப சரி. குடும்பஸ்தங்களுக்கு நான் வீடு விடறதில்ல. கல்யாணத்தன்னிக்குக் காலையிலயே காலி பண்ணிடணும். சாயங்காலம் அடுத்தவங்க வர்றாங்க.”

சம்மதித்தோம். அந்த அடுத்தவர்கள் வாசற்படியில் கட்டில், பீரோவோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சாமான்களை உள்ளே தூக்கி வைக்க அவர்களும் ஒரு கை கொடுத்தார்கள்.